பழுது பார்க்க அனுப்பும் பேனை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய ஊற்றுப்பேனைகளை அலுமாரி மூலையில் போட்டு வைக்காமல், பழுது பார்ப்பித்துத் திரும்பவும் எழுதலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தையே கேட்கின்றன. பழுது பார்ப்பவர் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார், பேனை நம் வீட்டில் இருக்கிறது, இடையில் இருக்கும் தூரத்தை அது உடையாமல் கடப்பது எப்படி என்பதே அந்தக் கேள்வி. தபாற் சேவையில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், பொதி ஒன்று வழியில் என்னென்ன படும் என்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்தே கீழ்வரும் பதில்களை எழுதுகிறேன்.

கேள்வி: என் தகப்பனார் 1958 ஆம் ஆண்டு முதல் நியமனம் கிடைத்தபோது வாங்கிய பாக்கர் 51 பேனை என்னிடம் இருக்கிறது. இப்போது அது மை இழுப்பதில்லை. கொழும்பில் ஒருவருக்கு அனுப்ப எண்ணியிருக்கிறேன். தடித்த கடித உறைக்குள் பஞ்சு வைத்து ஒட்டிப் பதிவுத் தபாலில் போட்டால் போதும் என்கிறார் என் மருமகன். போதுமா, ஐயா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், களுவாஞ்சிக்குடி

பதில்: போதாது. உங்கள் மருமகன் சொல்வதைத்தான் நானும் ஒரு காலத்தில் செய்தேன். என் தந்தையாரின் பேனையைப் பஞ்சில் சுற்றி, தடித்த உறைக்குள் வைத்து, நான்கு பக்கமும் ஒட்டி அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது உறையும் மூடியும்தான். உறையின் ஓர் ஓரம் கிழிந்திருந்தது, பேனையின் உடல் எங்கோ வழியில் நழுவிப் போயிற்று. தபாற் பைகளை நாள்தோறும் கையால் தூக்கியவன் நான், ஆனாலும் என் சொந்தப் பொருளைப் பொதி செய்யும்போது அந்த அறிவைப் பயன்படுத்தவில்லை. அந்தக் கவலை இன்றும் எனக்கு இருப்பதால்தான் இந்தப் பதிலை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

கடித உறை என்பது தட்டையான பொருளுக்காகச் செய்யப்பட்டது. கந்தோரில் அதன்மேல் இரும்புத் திகதி முத்திரை ஓங்கிக் குத்தப்படும். குத்துபவருக்கு உள்ளே பேனை இருப்பது தெரியாது. பிறகு அது மற்றக் கடிதங்களோடு சேர்த்து இறுக்கிக் கட்டப்படும், பைக்குள் போகும், அந்தப் பையின்மேல் வேறு பைகள் அடுக்கப்படும், வாகனத்தில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் வீசப்படும். இங்கிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கும் கூடிய தூரம். அத்தனை தூரமும் பேனை உறைக்குள் முன்னும் பின்னும் ஓடி, தன் கூர்மையான நுனியாலேயே கடதாசியைக் குத்திக் கிழித்துக்கொண்டு வெளியே வரப் பார்க்கும். எனவே இரண்டு விடயங்களை உறுதி செய்ய வேண்டும்: பேனை உள்ளே அசையக் கூடாது, வெளியேயிருந்து வரும் அழுத்தமும் அதைத் தொடக் கூடாது. மெத்தென்ற பொருள் அசைவைத்தான் குறைக்கும். அழுத்தத்தைத் தாங்க விறைப்பான குழாய் ஒன்று வேண்டும்.

அந்தக் குழாய் எந்த ஹாட்வெயார் கடையிலும் கிடைக்கும். தண்ணீர்க் குழாய்க்குப் பாவிக்கும் எஸ்லோன் பைப்பில் ஓர் அங்குலக் குழாயின் வெட்டுத் துண்டு ஒன்றும், இரு முனைக்கும் இரண்டு மூடிகளும் வாங்குங்கள். உங்கள் பேனை மூடியோடு ஏறத்தாழ 14 சென்ரிமீற்றர் நீளம் இருக்கும், எனவே குழாயை 18 சென்ரிமீற்றருக்கு வெட்டினால் ஒவ்வொரு முனையிலும் இரண்டு சென்ரிமீற்றர் மிஞ்சும். வெட்டிய விளிம்பை அரத்தாளால் தேய்த்து, உள்ளே இருக்கும் பிளாஸ்ரிக் தூளைத் தட்டிவிடுங்கள். குழாய் ஒட்டும் பசையை எக்காரணம் கொண்டும் பூச வேண்டாம். அதன் ஆவி பேனையின் மேற்பரப்பைக் கெடுக்கும், பழுது பார்ப்பவரும் வாளால் அறுத்தே குழாயைத் திறக்க வேண்டி வரும். மூடிகளை வெறுமனே அழுத்திச் செருகி, மேலே செலோரேப் சுற்றி, ரேப்பின் நுனியைச் சிறிது மடித்து விடுங்கள். திறப்பவர் கத்தியைத் தேடாமல் அந்த மடிப்பைப் பிடித்து இழுத்துக்கொள்வார்.

இனி, பேனையைச் சுற்றும் முறை. பாக்கர் 51 இன் மூடி திருகு மூடி அல்ல, தள்ளி மூடுவது. உள்ளேயிருக்கும் பிடி தேய்ந்திருந்தால் வழிக் குலுக்கத்தில் தானே கழன்றுவிடும். எனவே மூடியும் உடலும் சேரும் இடத்தில் வெள்ளைக் கடதாசியை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி இரண்டு சுற்றுச் சுற்றி, கடதாசியின் நுனியைக் கடதாசியோடு மட்டும் ஒட்டுங்கள். ரேப் பேனையில் படவே கூடாது. றப்பர் வளையமும் போட வேண்டாம். றப்பரில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். அதன்மேல் பழைய மென்மையான துணியால் சுற்றுங்கள். எங்கள் வீட்டில் மருதமுனைக் கைத்தறிச் சாரம் ஒன்று பலமுறை துவைத்துப் பதமாகியிருந்தது. அதைக் கிழித்து வைத்துக்கொண்டு இன்றுவரை இதற்கென்றே பாவிக்கிறேன். கஞ்சி போட்ட புதுத் துணி சரிவராது. பஞ்சை மருமகன் சொல்லியிருக்கிறார், ஆனால் அதன் நார் நிப்பின் பிளவுக்குள் போனால் எடுப்பது பெரும்பாடு. தென்னந்தும்பு, வைக்கோல் ஆகியவற்றைச் சிலர் பாவிக்கிறார்கள். அவற்றில் தூசும் ஈரமும் இருப்பதால் பேனைக்கு அருகில் அவற்றைக் கொண்டுவர வேண்டாம். செய்தித்தாளையும் நேரே சுற்றாதீர்கள், அச்சு மை ஒட்டிக்கொள்ளும்.

துணி சுற்றிய பேனையை அழுத்தி மூடும் சிறு பொலித்தீன் பையில் இட்டு, குழாயின் அடியில் கசக்கிய ரிஷூவை வைத்து, பேனையை இறக்கி, மேலேயும் ரிஷூ வைத்து மூடுங்கள். இப்போது குழாயைக் காதருகே பிடித்து ஆட்டிப் பாருங்கள். சிறு சத்தம் கேட்டாலும் திறந்து இன்னும் கொஞ்சம் நிரப்ப வேண்டும். அதேவேளை, மூடியைச் செருகப் பலங்கொண்டு அமுக்க வேண்டியிருந்தால் ரிஷூ கூடிவிட்டது என்று அர்த்தம். அந்த அழுத்தம் கொழும்பு வரை பேனையின் கிளிப்பில் இருந்துகொண்டே இருக்கும்.

குழாய் தயாரானதும் அதைக் காட்போட் பெட்டிக்குள் வையுங்கள். சப்பாத்துப் பெட்டி கொஞ்சம் மெல்லியது, மருந்துக் கடைகளில் எறியும் தடித்த பெட்டியே நல்லது. குழாயைச் சுற்றி ஆறு பக்கமும் ஐந்து சென்ரிமீற்றராவது கசக்கிய கடதாசியோ பபிள் ஷீற்றோ இருக்க வேண்டும். குழாய் பெட்டியின் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் பெட்டி வாங்கும் அடி அப்படியே பேனைக்குப் போகும்.

நீங்கள் ஆசிரியராக இருந்தவர், ஆகையால் ஒரு பரிசோதனையைச் சொல்கிறேன். பேனைக்குப் பதிலாக முழு வெண்கட்டி ஒன்றை அதே துணியில் சுற்றி, அதே குழாயில் இட்டு, அதே பெட்டியில் அடைத்து, மேசை உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் மூன்று முறை போடுங்கள்: ஒருமுறை தட்டையாக, ஒருமுறை பக்கவாட்டில், ஒருமுறை மூலை கீழே படும்படி. திறந்து பார்க்கும்போது வெண்கட்டி முழுதாக இருந்தால் உங்கள் தகப்பனாரின் பேனையை நம்பி உள்ளே வைக்கலாம். முறிந்திருந்தால் மெத்தையைக் கூட்டுங்கள். நான் ஒவ்வொரு புதுப் பெட்டிக்கும் இதைச் செய்கிறேன்.

கடைசியாக ஒன்று. அனுப்புவதற்கு முன், அந்தப் பேனைக்கு உண்மையில் பழுது இருக்கிறதா என்று பாருங்கள். பாக்கர் 51 முதலில் 1941 இல் வெளிவந்தது. 1948 இல் அதன் மை நிரப்பும் முறை மாறி, உள்ளே உலோகக் கூட்டுக்குள் ஒளி ஊடுருவும் மைப்பை வைக்கும் வழக்கம் வந்தது. உங்கள் பேனை 1958 இல் வாங்கியது என்பதால் பெரும்பாலும் இந்த வகையாகவே இருக்கும். இந்த மைப்பை சாதாரண றப்பரைப் போல இலகுவில் இறுகிப் போவதில்லை. மை இழுக்காததற்குக் காரணம் பல வேளைகளில் உள்ளே காய்ந்த மைதான். நிப் இருக்கும் முன்பகுதி மட்டும் மூழ்கும்படி சாதாரணத் தண்ணீரில் ஓரிரவு நிறுத்தி வைத்து, காலையில் உலோகக் கூட்டின் பட்டையை மெதுவாக அழுத்திவிட்டுப் பாருங்கள். தண்ணீர் கலங்கி வந்தால் நம்பிக்கை உண்டு, இரண்டு மூன்று நாள் அப்படியே செய்யுங்கள். அந்த உலோகக் கூட்டைக் கழற்ற மட்டும் முயல வேண்டாம். அதன் பிறகும் மை ஏறாவிட்டால் அனுப்புங்கள்.

கேள்வி: அனுப்பும் பேனையில் மை இருக்கலாமா? கழுவித்தான் அனுப்ப வேண்டும் என்றால் எப்படிக் கழுவுவது? என்னிடம் மூன்று பேனைகள் இருக்கின்றன, ஒன்று மிகப் பழையது, எந்தப் பொருளால் செய்தது என்றே தெரியவில்லை.
— வங்கி உத்தியோகத்தர், கல்முனை

பதில்: ஒரு துளி மையும் இருக்கக் கூடாது. பேனையின் மைப்பையில் மையோடு காற்றும் இருக்கும். வெயிலில் நிற்கும் மூடிய வாகனத்தினுள் வெப்பம் 50 பாகை செல்சியசைத் தாண்டுவது நம் பக்கத்தில் சாதாரணம். சூடேறிய காற்று விரிந்து மையை வெளியே தள்ளும், அது மூடிக்குள் தேங்கும், அங்கிருந்து துணிக்கு வரும், பிறகு காய்ந்து எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். பழுது பார்ப்பவருக்கு முதல் நாள் வேலை அதைத் துடைப்பதிலேயே போய்விடும்.

மைக் குப்பி செருகும் பேனையானால் குப்பியை எடுத்து எறிந்துவிடுங்கள். மை உறிஞ்சும் சிறு பம்ப் உள்ளதானால் சாதாரணத் தண்ணீரை இழுத்து வெளியேற்றி, தண்ணீர் தெளியும் வரை செய்யுங்கள். பத்துத் தடவையும் ஆகலாம், முப்பது தடவையும் ஆகலாம். கரையோரத்துக் கிணற்றுத் தண்ணீரில் உப்பும் சுண்ணமும் கூட, காய்ந்தால் வெள்ளைப் படிவு விடும். ஆகையால் கடைசி இரண்டு மூன்று தடவை மட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரைப் பாவியுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம். ஸ்பிரிட்டும் நகப்பூச்சு அழிக்கும் திரவமும் பேனைக்கு நஞ்சு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பேனைகளின் மூட்டுகளை ஒட்டியிருக்கும் அரக்கை ஸ்பிரிட் கரைக்கும், நகப்பூச்சு அழிப்பானில் உள்ள அசற்றோன் பேனையின் உடலையே கரைக்கும். கழுவிய பின் மூடியில்லாமல், நிப் கீழே இருக்கும்படி, அடியில் ரிஷூ வைத்த கோப்பையில் ஓரிரவு நிறுத்துங்கள். ரிஷூ மையை உறிஞ்சி எடுத்துவிடும். வெயிலில் காய வைப்பதும், தலைமயிர் உலர்த்தும் கருவியைப் பிடிப்பதும் தவறு.

அந்த மிகப் பழைய பேனையைப் பற்றி: பொருள் என்னவென்று தெரியாதவரை உடலைத் தண்ணீரில் ஊற விடாதீர்கள். எபனைற் எனப்படும் கடின றப்பர் தண்ணீரிலும் வெயிலிலும் கறுப்பு நிறம் இழந்து மண்ணிறமாகும், அந்த நிறத்தைத் திரும்பப் பெறுவது கடினம். பாற்புரதத்தில் செய்த கேசின் பேனைகளும் உண்டு, அவை தண்ணீரை உறிஞ்சி வீங்கும். செலுலோயிட் பேனையைத் திறந்ததும் மெல்லிய கற்பூர வாசம் வரும், ஏனெனில் அதன் தயாரிப்பிலேயே கற்பூரம் சேர்கிறது. அது இலகுவில் தீப்பற்றக் கூடியது என்பதால் விளக்குக்கும் நெருப்புப்பெட்டிக்கும் அருகில் வைத்துச் சோதிக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். இந்த வகைப் பேனையின் நிப்பை மட்டும் ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, "கழுவவில்லை, உள்ளே காய்ந்த மை இருக்கலாம்" என்று கடிதத்தில் எழுதி அனுப்புங்கள்.

இறுகிப் போன மூடியைக் கழற்ற நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய் விடுவார்கள். அதையும் தவிருங்கள். எண்ணெய் நிப்பின் கீழேயுள்ள நாக்குக்குப் பரவிவிட்டால் மை அதில் ஒட்டாமல் விலகும், பிறகு எழுத்து விட்டுவிட்டு வரும்.

கேள்வி: பேனை கீழே விழுந்து நிப் மேல்நோக்கி வளைந்துவிட்டது. மூடினால் நிப் மூடியில் தட்டுகிறது. எப்படி அனுப்புவது?
— பட்டதாரி மாணவி, திருக்கோவில்

பதில்: மூட வேண்டாம், தங்கச்சி. வளைந்த நிப்பை நேராக்கிவிடலாம், ஆனால் மூடியை அமுக்கும்போது இரண்டாவது தடவை வளைந்தால் உலோகம் களைத்து வெடிக்கும். விரலாலும் நிமிர்த்தப் பார்க்காதீர்கள்.

மருத்துவமனையில் மாத்திரை போட்டுத் தரும் சிறிய பிளாஸ்ரிக் குப்பி ஒன்று எடுத்து, அதன் மூடியில் பேனையின் கழுத்து மட்டும் இறுக்கமாக நுழையும் அளவில் துளையிடுங்கள். நிப் குப்பிக்குள் எதையும் தொடாமல் வெறும் வெளியில் நிற்க வேண்டும், குப்பியின் மூடி கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். நிப்பைச் சுற்றி ரிஷூவோ துணியோ எதுவும் வைக்கக் கூடாது, இந்த ஒரு இடத்தில் வெறுமைதான் பாதுகாப்பு. பேனையின் மூடியைத் தனியே சுற்றி வேறு பையில் வையுங்கள். பிறகு எல்லாவற்றையும் அகலமான குழாயிலோ தகரப் பெட்டியிலோ அடைக்கலாம். நிப்பின் நுனியில் இருக்கும் சிறு உருண்டை மணி உடைந்து விழுந்திருந்தால், கிடைத்த துண்டையும் கடதாசியில் மடித்து அனுப்புங்கள். அது பயன்படாவிட்டாலும், எவ்வளவு உடைந்தது என்பதைப் பழுது பார்ப்பவர் அதிலிருந்து அறிவார்.

கேள்வி: பேனை வந்த அழகான பெட்டியிலேயே வைத்து அனுப்பலாமா? நிப் தங்கம் என்பதால் பயமாக இருக்கிறது.
— வியாபாரி, ஏறாவூர்

பதில்: அந்தப் பெட்டி மேசையில் வைத்துப் பார்ப்பதற்குரியது. உள்ளே பேனை ஒரு பள்ளத்தில் சும்மா படுத்திருக்கும், பெட்டி கவிழ்ந்தால் புரண்டு ஓடும். பெட்டியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் ஒரு விலை உண்டு.

தங்கம் என்றோ விலை உயர்ந்தது என்றோ பொதியின் மேல் எழுத வேண்டாம். அனுப்பும் முன் பேனையை அளவுகோலுக்கு அருகில் வைத்து, மூடியோடு ஒன்று, மூடியில்லாமல் ஒன்று, நிப்பில் உள்ள எழுத்துத் தெரிய ஒன்று எனக் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். பதிவுத் தபாலிலேயே அனுப்புங்கள். பற்றுச்சீட்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அந்த அச்சு நாளடைவில் மங்கிவிடலாம். காப்புறுதி செய்ய விரும்பினால் பொதியை ஒட்டுவதற்கு முன்னரே கந்தோரில் கேளுங்கள். திங்களோ செவ்வாயோ அனுப்புவது நல்லது. வெள்ளியன்று போட்டால், அதிலும் போயா விடுமுறை ஒன்று இடையில் வந்தால், பொதி சூடான அறையில் நாட்கணக்காகக் கிடக்கும்.

முகவரியைக் குமிழ்முனைப் பேனையால் எழுதுங்கள். ஊற்றுப்பேனைப் பிரியர்கள் முகவரியையும் நல்ல நீல மையில் அழகாக எழுத ஆசைப்படுவார்கள், கார்த்திகை மார்கழி மழையில் ஒரு சாரல் பட்டால் அந்த அழகு முழுவதும் கரைந்து ஓடிவிடும். அதே முகவரியை ஒரு துண்டில் எழுதிப் பெட்டிக்குள்ளும் இடுங்கள். மழைக்காலத்தில் பெட்டிக்கு மேலே பொலித்தீன் ஒரு சுற்றுச் சுற்றுவது அவசியம்.

கேள்வி: என் மகன் இலண்டனில் இருக்கிறான். அங்கே ஒருவர் நன்றாகப் பழுது பார்க்கிறாராம். தபாலில் அனுப்புவதா, ஊருக்கு வந்து போகிறவரிடம் கொடுத்து விடுவதா?
— குடும்பத் தலைவி, அக்கரைப்பற்று

பதில்: நம்பிக்கையான ஆள் கையில் கொடுப்பதே நல்லது, அம்மா. கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டிக்குள் வேண்டாம். பேனை மையில்லாமல் இருக்கட்டும். பறக்கும்போது விமானத்தினுள் காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறையும், ஏறத்தாழ 2,000 மீற்றர் உயரமுள்ள மலையில் நிற்பது போல. பாதி மை, பாதி காற்று உள்ள பேனை அப்போது கசியும்.

தபாலில்தான் அனுப்ப வேண்டுமென்றால் சுங்கப் படிவம் நிரப்ப வேண்டும். மதிப்புக் குறைந்த சிறு பொதிக்கு சி.என். 22, மதிப்புக் கூடியதற்கு சி.என். 23. வெறுமனே "பேனை" என்று எழுதாமல், "பாவித்த பழைய ஊற்றுப்பேனை, பழுது பார்ப்பதற்காக அனுப்பப்படுகிறது, விற்பனைக்கு அல்ல" என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். சுங்கக் குறியீட்டு எண் கேட்டால் ஊற்றுப்பேனைக்கு 9608.30. திரும்பி வரும்போதும் பழுது பார்ப்பவர் அவ்வாறே எழுத வேண்டும், இல்லையேல் உங்கள் சொந்தப் பேனைக்கே நீங்கள் இறக்குமதி வரி கட்ட நேரலாம். இங்கிருந்து அனுப்பிய படிவத்தின் பிரதியை அதற்காகவே பத்திரப்படுத்துங்கள். மைப் போத்தலை ஒருபோதும் கூட வைத்து அனுப்ப வேண்டாம்.

கேள்வி: 2004 டிசெம்பர் 26 இற்குப் பிறகு எங்கள் வீட்டு மண்ணுக்குள்ளிருந்து எடுத்த என் அண்ணரின் ஹீரோ பேனையை இத்தனை வருடமும் அப்படியே வைத்திருக்கிறேன். மூடி இறுகிவிட்டது, கிளிப் துருவேறிவிட்டது. புதுப் பேனை வாங்குவது மலிவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். இதைப் பழுது பார்க்க அனுப்பலாமா? என்ன சொல்லி அனுப்புவது?
— கல்லடி வாசகி

பதில்: அனுப்பலாம். விலையை வைத்து உங்களுக்குப் புத்தி சொல்பவர்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை.

கடல் உப்பு உலோகத்துக்குள் இருந்துகொண்டு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஆகையால் இருபது வருடம் கழிந்தும் துரு நின்றிருக்காது. மேலும் தாமதிக்காமல் ஒரு முடிவுக்கு வருவது நல்லது. ஆனால் மூடியைத் திருகவோ இழுக்கவோ, தண்ணீரில் போடவோ, துருவைச் சுரண்டவோ வேண்டாம். துருப்பிடித்த மூடி இழுக்கும்போது வழிவிடாது, கிழிந்து வரும். அதைப் பழுது பார்ப்பவரே இளக வைத்துத் திறக்கட்டும். ஒட்டியிருக்கும் மண்ணையும் நீங்கள் தட்டிவிட வேண்டாம். அது போக வேண்டுமா, இருக்க வேண்டுமா என்பதை நீங்களே தீர்மானித்து எழுதலாம்.

பழுது பார்ப்பவருக்கு எழுதும் கடிதத்தில் வாசகர்கள் பலரும் பேனைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டுமே எழுதுகிறார்கள். என்ன செய்ய வேண்டாம் என்பதை எழுதுவதில்லை. இதனால் மனம் நொந்தவர்களை நான் அறிவேன். பொறித்திருந்த பெயர் மெருகேற்றலில் மறைந்து போய், பளபளப்பாகத் திரும்பி வந்த பேனையைக் கையில் வைத்துக்கொண்டு கண் கலங்கியவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள். நீங்கள் இப்படி எழுதலாம்:

"ஐயா, இத்துடன் அனுப்பும் பேனை 2004 கடல்கோளின்போது கடல்நீரிலும் மண்ணிலும் கிடந்தது. மூடி இறுகியிருக்கிறது, நான் திறக்க முயலவில்லை. உள்ளே மை இருந்திருக்கலாம். தயவுசெய்து துரு மேலும் பரவாமல் நிறுத்தி, மூடி திறக்கும்படி செய்து தாருங்கள். எழுதும் நிலைக்கு வந்தால் மகிழ்ச்சி, வராவிட்டாலும் பரவாயில்லை. மெருகேற்ற வேண்டாம். உடலில் உள்ள கீறல்களை அழிக்க வேண்டாம். ஏதேனும் பாகத்தை மாற்ற வேண்டியிருந்தால் முதலில் எனக்கு அறிவியுங்கள், கழற்றிய பழைய பாகங்களையும் திருப்பி அனுப்புங்கள்."

கீழே உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண், எவ்வளவு செலவு வரை சம்மதம் என்பவற்றை எழுதுங்கள். கடிதத்துக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அது பேனையோடு ஒட்டாமல், குழாய்க்கு வெளியே, பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

பொதி செய்வதில் உங்களுக்கு ஒரு மாற்றம் உண்டு. மண் ஒட்டிய பேனையைத் துணியில் உருட்டினால் மண் உதிரும், துணியின் நூல் துருவில் சிக்கும். ஆகவே வாய் அகன்ற பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றை எடுத்து, அடியிலும் மேலும் ரிஷூ வைத்து, பேனையை மெல்லிய ரிஷூ ஒரே ஒரு சுற்றில் தளர்வாக மடித்து நடுவில் படுக்க வையுங்கள். புதுச் சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் மணிப் பை ஒன்றைப் போத்தலுக்குள் இடுங்கள், பேனையைத் தொடாமல் இருக்கட்டும். போத்தலுக்குள் பேனை அசையாதபடி பக்கங்களை ரிஷூவால் நிரப்பிய பின், முன்னர் சொன்னபடி பெட்டிக்குள் ஐந்து சென்ரிமீற்றர் மெத்தையோடு வைத்து, வெண்கட்டிப் பரிசோதனையை வேறு போத்தலில் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். மழை தொடங்குவதற்கு முன், புரட்டாதியிலேயே அனுப்பிவிடுவது நல்லது. திரும்பி வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், அம்மா.